விற்காத முகங்கள்

குமாசியில் சனிக்கிழமை என்றால் சாவு.
மூன்று மாதம் குளிர்பெட்டியில் காத்திருந்தவரும்
சனிக்கிழமைதான் மண்ணுக்குள் போவார்.
சிவப்பும் கறுப்புமாய்த் தெரு நிறையும்.
பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, காது கிழிக்கும் ஒலிபெருக்கி,
ஓரமாய் ஒரு மேசை:
காணிக்கையை எண்ணி வாங்கி
ரசீது கிழித்துக் கொடுக்கிறவர்.
அவர் மட்டும் அழுது நான் பார்த்ததில்லை.

நான் நியார்கோ டூஃபியே. படம் பிடிக்கிறேன்.

"உனக்கென்ன,
விரலை அசைத்தால் காசு"
என்பான் அக்கா புருஷன் அம்போன்சா.
அவன் பேச்சை நம்பித்தான் தொடங்கினேன் என்று
அவனுக்கு இன்னும் தெரியாது.

சீட்டெடுத்து லென்ஸ் வாங்கினேன்.
அதன் கண்ணாடியில் ஊரே கைகட்டி நின்றது.
லென்ஸ் தின்னாது; பிரிண்டர் தின்னும்.
மை, தாள், ஜெனரேட்டருக்குப் பெட்ரோல்,
உதவிக்கு வந்த பையனுக்கு மீன்குழம்பு.

காரின் பின்கதவைத் திறந்து
அங்கேயே அச்சடித்து
வாசலில் சாக்கு விரித்து அடுக்குவேன்.
இருநூறு முகம், இன்னும் ஈரமாக.
வருவார்கள்.
தன் முகத்தைத் தானே குனிந்து எடுப்பார்கள்.
"அற்புதம்" என்பார்கள்.
திரும்ப வைத்துவிட்டுப் போவார்கள்.

எதிர்ச் சாரியில் க்வார்டெங் பாதி விலைக்கு விற்றான்.
நான் அதிலும் பாதி.
கூட்டம் அம்மியது. எல்லாச் சனியும் நிரம்பியது.
ஒரு ஞாயிறு இரவு கட்டிலில் கொட்டி எண்ணினால்
பதினோரு செடி.
எங்கள் காசுக்குப் பெயர் செடி.
நட்டாலும் முளைக்காது.

பெரிய இடத்துச் சாவு ஒன்று.
"சும்மா எடு, பேர் கிடைக்கும்" என்றார்கள்.
கிடைத்தது.
அதை மைக்கடையில் நீட்டினேன்.
சில்லறை இல்லை என்றான்.

உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்கும் மிஞ்சாதாம்.
யார் சொன்னது?
எனக்குக் கணக்குப் பார்த்த பிறகுதான் உழக்கே மிஞ்சியது.
அந்த மேசைக்காரரைப் போல
கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன்.
பாதிப் பணம் கையில் விழாமல்
பொத்தானில் விரல் விழாது என்றேன்.
சாக்கு விரிப்பதை நிறுத்தினேன்.
திமிர் என்றார்கள். இருக்கட்டும்.
சனிக்கிழமைகள் குறைந்தன,
சோறு குறையவில்லை.
ஒரு சனிக்கிழமை முழுக்கத் தூங்கினேன்,
யாரும் சாகாத மாதிரி.

பழைய முகங்கள் நானூறு சொச்சம்
பிஸ்கட் டின்களில் கிடந்தன.
எரிக்க மனம் வரவில்லை.
நோட்டில் அவற்றை
நட்டம் என்ற பக்கத்தில் எழுதியிருந்தேன்.

போன செவ்வாய் மழையோடு
ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள்.
அப்பா போய்விட்டார்.
சுவரொட்டிக்குப் படமில்லை.
போன் தண்ணீரில் விழுந்ததாம்.
அடையாள அட்டையில் இருப்பவர் யாரோ.
"நாலு வருடம் முன்பு அசாஃபோவில் ஒரு சாவில்
நீங்கள் அவரை எடுத்ததாக..."

மூன்றாவது டின்னில் இருந்தார்.
தோளில் துணி நழுவ,
கையில் மால்ட் பாட்டில்,
பக்கத்தில் யாரோ சொன்னதற்கு
உள்நாக்குத் தெரியச் சிரிப்பு.
ஞாபகம் வந்தது.
விலை கேட்டார் அன்று.
சொன்னேன். கீழே வைத்தார்.

தங்கை அந்தச் சிரிப்பைத் துப்பட்டாவால் மூடி
மழை படாமல் பிடித்துக்கொண்டாள்.
"எவ்வளவு?" என்றான் அண்ணன்.

சும்மா எடுத்துக்கொள் என்று
தொண்டை வரை வந்தது.
நானூறு முகமும் டின்னுக்குள்ளிருந்து
என்னையே பார்த்தன.

விலையைச் சொன்னேன்.
பெரிதாக்கும் கூலி தனி என்றேன்.
பேரம் பேசவில்லை அவன்.
எண்ணிக் கொடுத்தான், ஈரத் தாள்களை.

ரசீதுப் புத்தகத்தைத் திறந்து
பெயர் கேட்டேன்.
அவன் தன் பெயரைச் சொல்லாமல்
அப்பாவுடையதைச் சொன்னான்.
அடிக்கவில்லை. அப்படியே எழுதினேன்:

க்வாபெனா ஜமேரா.
படம் ஒன்று.
பாக்கி இல்லை.